போகி இலையில் வைத்த பிஸ்கட்

அலமாரியின் அடித்தட்டில் வெள்ளைச் சேலை தேடப் போன கையில் நீ தைத்த பை அகப்பட்டது. பழுப்பில் நீலப் பூப்போட்ட பாத்திக் துணி. உன் பழைய சாரோங் ஒன்றைக் கத்தரித்துத் தைத்தது. சோப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிய மருந்துப் பம்ப் உள்ளே உட்கார இடம், குழாய் வெளியே வர ஓரத்தில் ஒரு துளை, இடுப்பைச் சுற்றிக் கட்ட நாடா. முகத்தருகே கொண்டுபோனேன். முதலில் ஸ்பிரிட் வாசனை வந்தது. அதற்கடியில் சாம்பிராணி இன்னும் இருக்கிறது. சேலையை எடுக்காமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நாளைக்குப் போகி. காஜா பெராங் வீட்டிலிருந்து உன் அம்மா ஆள் விட்டிருக்கிறார். காலையிலேயே வரவேண்டுமாம், என்னால் ஒரு காரியம் ஆகவேண்டுமாம். என்ன காரியம் என்பதையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறு யாரிடம் சொல்வது? உனக்குத்தான் எழுதுகிறேன்.

உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மலாக்கா செட்டி வீட்டுப் பெண் நீ. மாரியம்மன் முன்னால் நின்றால் ‘தாயே’ என்பாய். கோயில் வாசலைத் தாண்டினால் மலாய்தான். நமக்குள் பேச்சும் முக்கால்வாசி மலாய். அதனால் முதலில் மலாயில்தான் எழுதிப் பார்த்தேன். வார்டு ரிப்போர்ட் மாதிரி வந்தது. கிழித்துப் போட்டேன். அழுவதென்றால் எனக்குத் தமிழ்தான் வேண்டியிருக்கிறது, நீ பொறுத்துக்கொள்.

உனக்குத் தெரிந்த தமிழெல்லாம் ரப்பர் தோட்டத்து நோயாளிகளிடம் வார்டில் பொறுக்கியது. ‘வாயத் தொற’, ‘மூச்ச இழு’, ‘ஊசி வலிக்காது’, ‘எங்க வலிக்குது’. அவ்வளவுதான் உன் கையிருப்பு. நாம் நர்ஸ் பயிற்சியில் இருந்தபோது, என் அப்பா தோட்டத்தில் தவறிப்போன சேதி வந்தது. விடுதி அறையில் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். எனக்கு அப்போது மலாயில் ஆறுதல் சொன்னால் ஏறாது என்று உனக்குப் புரிந்திருந்தது. பிறகு என் முதுகில் கை வைத்து, “எங்க வலிக்குது?” என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்தது. அன்றைக்குப் பிடித்த சிநேகிதம்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, வெள்ளைக்கார டாக்டர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிய காலம் அது. இனிமேல் பெரிய வைத்தியமெல்லாம் இங்கே எங்கே நடக்கப்போகிறது என்று ஊரில் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அப்போதுதான் நம் யாழ்ப்பாணத்து டாக்டர் சீமையில் படித்துவிட்டு, கையில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். அந்தப் பெட்டியைத் திறந்து காட்ட நம் இருவரையும் கூப்பிட்டார். உள்ளே பஞ்சுக்கு நடுவில் அந்தப் பம்ப் இருந்தது. கடிகாரம் மாதிரிச் சாவி கொடுத்தால் ஓடும். டிக் டிக் என்று சத்தமும் உண்டு.

“இஞ்ச பாருங்கோ பிள்ளையள்,” என்றார், உனக்காக இடையிடையே மலாயும் கலந்து. “ஈரல்ல கட்டி வந்த ஆளுக்குக் கையில ஊசி போட்டா மருந்து உடம்பெல்லாம் ஓடும். ஈரலுக்குப் போறது கொஞ்சம்தான். நாங்கள் ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோற குழாயிலயே மருந்தை விடப்போறம்.”

ரத்தம் வருகிற வேகத்தில் மருந்தைத் திருப்பித் தள்ளிவிடாதா என்று நீ கேட்டாய்.

“தள்ளும். அதுக்குத்தான் இந்தச் சாமான். இது ரத்தத்தை மீறி உள்ளுக்குத் தள்ளும், சொட்டுச் சொட்டாய், நாள்முழுக்க.”

வார்டின் கோடியில் சாமான் போட்டு வைத்திருந்த அறையை நீ கேட்டு வாங்கினாய். நாமே கழுவினோம், நாமே சுண்ணாம்பு அடித்தோம். பம்ப் ஒன்றுதான். அடுத்து வருகிற நோயாளிக்கு என்ன செய்வது? மருந்துப் புட்டியைக் கூரை உயரத்துக்கு ஏற்றிக் கட்டினால், அந்த உயரத்தின் வேகமே மருந்தை உள்ளே தள்ளும் என்றார் டாக்டர். ஏற்றி இறக்க ஒரு கப்பி வேண்டும். தெங்கேராவில் படகு கட்டுகிறவரிடம் போய் நீதான் கேட்டு வாங்கிவந்தாய். மீன் வாடை அடித்த அந்தக் கப்பியை நான் ஊறவைத்து ஊறவைத்துத் தேய்த்தேன். குழாயில் காற்றுக்குமிழி வராமல் பார்ப்பது, ரத்தம் உறையாமல் மருந்து சேர்ப்பது, காலையும் மாலையும் சாவி கொடுப்பது என்று ஒவ்வொன்றையும் முதலில் நாம் கற்று, பிறகு மற்ற நர்ஸுகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். அந்த அறைக்கு ‘கடிகார அறை’ என்று வார்டில் பேர் விழுந்தது.

பம்ப் முதலில் ஏறியது தெங்கேரா துணிக்கடை ராவுத்தருக்கு. வந்தபோது வயிறு பானையாக இருந்தது, கண் மஞ்சள். மருந்து ஓட ஓட வீக்கம் வடிந்தது. மனிதர் எழுந்து உட்கார்ந்து, வார்டுக்கு வருகிற பெண்களின் சேலைக்கெல்லாம் விலை சொல்ல ஆரம்பித்தார். நீ சந்தோஷத்தில் ஆளுக்கொரு காப்பி வாங்கிக் கொடுத்தாய். அதன்பிறகு அவர் ஒரே ஒரு பாட்டைத்தான் பாடினார்.

“மிஸ்ஸி, கடல் சத்தம் கேக்காம கண்ணு மூட மாட்டேங்குது. இந்தப் பொட்டியத் தூக்கிட்டே வீட்டுக்குப் போறேனே. பேரப்புள்ள சாவி குடுப்பான்.”

டாக்டர் மாட்டேன் என்றுவிட்டார். குழாய் இடம் நகர்ந்தால் உள்ளே ரத்தம் கொட்டும், வீட்டில் யார் பார்ப்பது என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ராவுத்தர் நல்லபடியாக இருந்த வாரங்களையெல்லாம் நம் ஜன்னலைப் பார்த்தே கழித்தார். ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் கொடிதான் இருந்தது. பிறகு கட்டி மறுபடி தலையெடுத்து, அந்தக் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தார். நீ அவர் கண்ணை மூடினாய், பம்பை நிறுத்தினாய். திடீரென்று அறையில் சத்தமே இல்லை.

“ஆயுளை நீட்டிக் கொடுத்தோம்,” என்றாய் மலாயில். “கொடுத்துவிட்டு அதையும் நாமே பிடுங்கி வைத்துக்கொண்டோம்.”

அதற்கு மறுவாரம்தான் இந்தப் பையைத் தைத்தாய்.

நோயாளியைப் பம்போடு வீட்டுக்கு அனுப்பவேண்டும், வீட்டிலிருப்பவர்களுக்குச் சாவி கொடுக்கவும் குழாயைப் பார்க்கவும் நாம் சொல்லித் தரவேண்டும். இது ஒன்றுதான் உன் பிடி. சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை நீ. பையைக் கையில் பிடித்துக்கொண்டு டாக்டர் போகிற இடமெல்லாம் போய் நிற்பாய். ஆபரேஷன் அறை வாசலில் நிற்பாய். அவர் கார்க் கதவைத் திறக்கிற இடத்தில் நிற்பாய். ஒரு நாள் அவருக்கே பொறுக்கவில்லை.

“பிள்ளை, நீர் சொல்லுறது எனக்கு விளங்காமலில்லை. ஒரு ஆள் வீட்டில ரத்தம் போய்ச் செத்தா, இந்த வேலை முழுக்க நிண்டுபோகும். பிறகு வாற ஆக்களுக்கு ஆர் பதில் சொல்லுறது? நீரோ, நானோ?”

“சொல்லிக் கொடுத்தா செய்வாங்க டொக்டர்,” என்றாய் மலாயில்.

“இப்ப வேண்டாம்,” என்றார். நீ பையை மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாய். மறுநாள் மறுபடி போய் நின்றாய்.

உன் சாப்பாட்டுக் கூத்தையும் இங்கே சொல்லியாகவேண்டும். தேநீர் நேரத்தில் மற்றவர்கள் கிரீம் கிராக்கர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றால், நீ அதன்மேல் சம்பால் பிலாச்சானைத் தடவித் தின்பாய். மிளகாயும் பிலாச்சான் என்கிற இறால் விழுதும் சேர்த்து அரைத்து உன் அம்மா புட்டியில் கொடுத்தனுப்புவார். அறையே நாறும். “நாக்கு செத்தவளே” என்று திட்டுவேன். ஒன்றை எடுத்து என் வாயில் திணிப்பாய். இந்த ஊரில் அப்படித் தின்கிற ஒரே பிறவி நீதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஒரு நாள் பிஸ்கட்டைத் தொடாமல் டின்னை மூடினாய். மறுநாளும் மூடினாய். நான் உன் கண்ணைப் பார்த்தேன். வெளிச்சத்துக்கு வா என்றேன், நீ வரவில்லை. நர்ஸுக்கு நர்ஸ் எத்தனை நாள் ஒளிக்க முடியும்? என் வாயில் அன்று உன் தமிழ்தான் வந்தது. “எங்க வலிக்குது?” என்று கேட்டேன். நீ என் கையை எடுத்து உன் வலது விலாவுக்குக் கீழே வைத்தாய். நான் எத்தனையோ பேருக்கு அந்த இடத்தில் கை வைத்திருக்கிறேன். கல் மாதிரி இருந்தது.

டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்தார். கட்டியை எடுக்கமுடியாது என்று அவர் வாயால் சொல்லவில்லை. குழாய் எங்கே என்று என்னிடம் கையை நீட்டினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. குழாயை வைத்துத் தைத்து முடித்தபின், தொட்டியருகே நின்று கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். எல்லோரும் போனபிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்த் தண்ணீர்க் குழாயை மூடினேன்.

நீ சுண்ணாம்பு அடித்த அறையில் நீயே படுத்தாய். ராவுத்தருக்கு ஓடிய பம்ப் உனக்கு ஓடியது. படுத்துக்கொண்டே குமிழி பார்த்தாய், சாவியை முறுக்கி முறுக்கிக் கொடுத்த சின்ன நர்ஸைத் திட்டினாய். மருந்து கொஞ்சம் கேட்டது. எழுந்து நடந்தாய். சோறு மட்டும் இறங்கவில்லை, கஞ்சித் தண்ணீர்தான். போகி நெருங்கியதும் டாக்டரிடம் பையைக் காட்டினாய். இந்தத் தடவை பை உன் இடுப்பிலேயே இருந்தது.

டாக்டர் குனிந்து பையின் நாடா முடிச்சை இழுத்துப் பார்த்தார். “வீட்டுக்குப் போட்டு வாரும்,” என்றார் கடைசியில். “ஒரு நாள்தான். இவவும் கூட வரட்டும். பின்னேரம் நான் வந்து பாக்கிறன்.”

மூன்று சக்கர டிரைஷாவில் உன்னை அணைத்துப் பிடித்துக்கொண்டு காஜா பெராங்குக்கு வந்தேன். ஒவ்வொரு குழிக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. நீயோ வழியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கையாட்டினாய்.

உங்கள் வீட்டுப் போகி எனக்குப் புதிதல்ல. பர்ச்சு என்பீர்கள். கூடத்தில் வாழையிலைகளை வரிசையாகப் போட்டு, குடும்பத்தில் இறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பிடித்ததைப் பார்த்துப் பார்த்துப் படைப்பார் உன் அம்மா. சாம்பிராணி போட்டு, கும்பிட்டு, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து உட்காருவீர்கள். அதுவரை வீட்டில் யாரும் அந்தச் சமையலில் உப்புக்கூடப் பார்க்கமாட்டார்கள். முதலில் அவர்கள், பிறகுதான் நாம்.

உன் அம்மா கெபாயாச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு இலை இலையாக வந்தார். உன் அப்பாவுக்குக் கறுப்புக் காப்பியும் ரோக்கோ சுருட்டும். பெரியம்மாவுக்குப் புளிவிட்ட பாராங் மீன் பிண்டாங் குழம்பு. வாயில் ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி இலைக்கு வந்து குனிந்தார். அதில் இரண்டு கிரீம் கிராக்கர் பிஸ்கட்டை வைத்தார். மேலே சம்பால் தடவியிருந்தது.

உங்கள் வீட்டில் இறந்த யாரும் அதைத் தின்றவர்களில்லை. எனக்கு முதலில் உறைத்தது. பிறகு உன் அண்ணிக்கு. பேச்சு ஒவ்வொருவரிடமாக நின்றது. உன் அம்மா நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்தார், பிறகு இலையைப் பார்த்தார், பிறகு தன் கையையே பார்த்தார். மனத்தில் இருக்கிறவருக்குப் பிடித்ததைக் கை தானாக எடுத்து வைக்கும்; வருஷா வருஷம் அப்படித்தானே வைத்துப் பழகியது. அன்று அவர் மனத்தில் வேறு யார் இருந்திருக்கப்போகிறார்கள்? கூடத்தில் உன் பம்ப் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நீ எழுந்தாய். நான் பிடிக்க வந்த கையைத் தள்ளினாய். பையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு இலைக்குப் போய், குனியக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மறந்தவள்போலக் குனிந்து, ஒரு பிஸ்கட்டை எடுத்தாய். இறந்தவர்கள் வருவதற்குமுன், அத்தனை பேர் பார்க்க, வாயில் போட்டாய்.

“மாக், நான் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கேன்,” என்றாய் அம்மாவிடம் மலாயில். “என் பங்கை என் கையில குடு.”

இரண்டையும் தின்றாய். கஞ்சித் தண்ணீர் மட்டுமே இறங்கிய தொண்டையில் அதை எப்படி இறக்கினாயோ. கண்ணில் தண்ணீர் கொட்டியது. “காரம்,” என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொல்லிச் சிரித்தாய். உன் அம்மா ஓடிவந்து உன்னைக் கட்டிக்கொண்டார். “குழாய், குழாய்” என்று நடுவில் கத்தியவள் நான்தான். உன் அண்ணி சிரித்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாகக் கதவைச் சாத்தினோம்.

எல்லோரும் வாசலில் இருந்தபோது நீ என் விரலைச் சுரண்டினாய். பின்பக்கம் கூட்டிப்போனேன். கிணற்றடியில் அத்தனையையும் வாந்தியெடுத்தாய். தலையை நான் பிடித்துக்கொண்டேன். வாயைத் துடைத்துவிட்டு, “மாக்கிட்ட சொல்லாத” என்றாய். நான் சொல்லவில்லை. இந்தக் காகிதத்தில் எழுதுவதுதான் முதல் தடவை.

பின்னேரம் டாக்டர் வந்தார். காயத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். அப்போது மாலைச் சாவி கொடுக்கிற நேரம். உன் அம்மா கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நீ சொல்லிக் கொடுத்தபடி குழாயை வெளிச்சத்தில் பார்த்து, மெதுவாகச் சாவி கொடுத்தார். டாக்டர் காப்பியைக் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “அம்மா நல்லாத்தான் குடுக்கிறா,” என்றார் என்னிடம். அப்புறம் உன்னிடம் திரும்பி, “நாளைக்கு அவசரமா வரவேண்டாம்,” என்றார். ஒரு நாளைக்கென்று வந்தவள் அந்த வீட்டிலேயே இருந்தாய். மழைக்காலம் போய் டுரியான் பருவம் வரைக்கும் இருந்தாய். முற்றத்தில் உட்கார்ந்து வெயில் காய்ந்தாய். பக்கத்து வீட்டுக் கோழிகளோடு சண்டை பிடித்தாய்.

நீ போன அன்று நான் பக்கத்தில் இல்லை. செங் கிராமத்திலிருந்து வந்த நோயாளி ஒருவரின் மனைவிக்கு, கடிகார அறையில், புதிதாக வந்திருந்த இரண்டாவது பம்புக்குச் சாவி கொடுக்கச் சொல்லித் தந்துகொண்டிருந்தேன். அந்த மனிதர் மறுநாள் வீட்டுக்குப் போவதாக இருந்தது. சேதி கேட்டு ஓடிவந்தேன். உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகம் துடைத்து, தலை வாரிவிட்டிருந்தார்கள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. நீ போனபிறகும் உன் அம்மா நேரம் தவறாமல் மாலைச் சாவி கொடுத்திருந்தார். அதை நிறுத்த அங்கே யாருக்கும் கை வரவில்லை. நான்தான் நிறுத்தினேன். நிறுத்திவிட்டுப் பையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

இப்போது பம்ப் மூன்றாகிவிட்டது. குருபோங்கில் ஒருவர் பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக் கோழிகளுக்குத் தீனி போடுகிறாராம். பைகளை நான்தான் தைக்கிறேன். தையல் கோணல், நீ பார்த்தால் பிரித்துவிட்டு உட்கார்ந்து மறுபடி தைப்பாய். எனக்கு உன்மேல் கோபம்தான். எல்லோருக்கும் வழி பண்ணிக் கொடுத்துவிட்டு நீ இல்லாமல் போனது எனக்கு ஆறவில்லை. தேநீர் நேரத்தில் பிஸ்கட் டின்னைத் திறக்காமல் எழுந்து போய்விடுகிறேன்.

உன் அம்மா சொல்லி அனுப்பியது இதுதான்: மற்ற இலைகளையெல்லாம் அவர் போட்டுவிடுவாராம். உன் இலையில் பிஸ்கட் வைக்க மட்டும் அவர் கை வராதாம். போன வருஷம் அந்தக் கை வைத்ததால்தான் நீ போனாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் வந்து வைக்கவேண்டுமாம்.

உன் விலாவுக்குக் கீழே அந்தக் கல்லைத் தொட்டவள் நான். அது போகிக்கு எத்தனையோ முன்னாலேயே அங்கே இருந்தது. இதை உன் அம்மாவிடம் எத்தனை தடவை சொன்னாலும் தலையை ஆட்டுவார், நம்பமாட்டார். வாந்தியைப் பற்றி நாளைக்கும் சொல்லமாட்டேன். அவர் கையால் வைத்ததை நீ சிரித்துக்கொண்டே தின்றாய் என்பது அவருக்கு மிச்சமாக இருக்கட்டும்.

பிஸ்கட் வாங்கிவிட்டேன். சம்பாலும் நானே அரைத்துவிட்டேன், காரம் குறைக்கவில்லை. நாளைக்கு உன் பையை இடுப்பில் முடிந்துகொண்டு வருவேன். உன் இலையில் இரண்டு பிஸ்கட் வைப்பேன். எடுக்க ஒரு கை நீளுமா என்று கொஞ்ச நேரம் நிற்பேன், நீளாது. கதவைச் சாத்திவிட்டு வந்து வாசலில் உன் அம்மா பக்கத்தில் உட்காருவேன். அவர் கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வேறு எதுவும் சொல்லத் தெரியாமல், “எங்க வலிக்குது?” என்று கேட்பேன். அவருக்குத் தமிழ் தெரியாது. இந்த இரண்டு வார்த்தை மட்டும் தெரியும். நீ படுத்திருந்த நாளெல்லாம், உன்னிடம் கற்றுக்கொண்டு, உன்னிடமே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.